சனிக்கிழமை மாணவர்: டோக்கியோவில் மசி ஓவியம் கற்ற ஜோசையா காண்டர்

ஜப்பானிய ஓவியர் கவானபே கியோசாய்க்கு நாட்குறிப்பு வைக்கும் பழக்கம் உண்டு. அதில் எழுதியதைவிட வரைந்ததுதான் அதிகம். யார் வந்தார், யாரோடு எங்கே போனார், என்ன வேலை நடந்தது என்று எல்லாம் தூரிகையில் நாலு கோடு, ஓரத்தில் ரெண்டு வரி. 1880-களின் பக்கங்களில் ஒரு வெள்ளைக்காரர் திரும்பத் திரும்ப வருகிறார். அவர் பெயரைக் காதில் விழுந்தபடி ஜப்பானிய எழுத்தில் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார் கியோசாய். அவர் பாடத்துக்கு உட்காரும் நாள் சனிக்கிழமை.

அந்த வெள்ளைக்காரர் ஊர் பார்க்க வந்தவர் இல்லை. ஜப்பான் அரசு சம்பளம் பேசி வரவழைத்த கட்டடக்கலைப் பேராசிரியர் ஜோசையா காண்டர். வார நாட்களில் ஜப்பானிய இளைஞர்களுக்கு வாத்தியார். சனிக்கிழமையானால் ஒரு ஜப்பானியருக்கு மாணவர்.

ஜப்பானுக்குப் போய் மசி ஓவியம் கற்ற வெளிநாட்டவர் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பாதிக்கு மேல் ஒரே அச்சு. ஆள் வாழ்க்கையில் களைத்துப் போய் வந்து சேர்வார். மலைக்கோயில், மூங்கில், ஜென் துறவி. ஒரே மூச்சில் ஒரு வட்டம் போடுவார். மனம் அடங்கிவிடும். காண்டர் விஷயத்தில் இதெல்லாம் கிடையாது. குடிக்கிற ஆசிரியர், வேலை ஒப்பந்தத்தில் இருக்கிற மாணவர், நம் ஊரில் பாட்டு வாத்தியாரிடம் கற்பது போல வாராவாரம் பாடம், அது முடிந்தபின் பக்கம் பக்கமாகக் குறிப்பு. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்தேன். வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒரு கலைக்குள் உண்மையில் எப்படிப் போகிறார், எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. ஆசிரியர் பக்கம் படக்குறிப்பு இருக்கிறது. மாணவர் பக்கம் ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது.

வந்த கதை

காண்டர் 1852-ல் லண்டனில் பிறந்தார். வில்லியம் பர்ஜெஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பழகினார். 1876-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் சோன் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தின் ஈரம் காயுமுன் ஜப்பானிலிருந்து அழைப்பு. 1877 ஜனவரியில் டோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு வயது 24. ஐந்து வருட ஒப்பந்தம். வேலை, அரசுப் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை சொல்லித்தருவது. கூடவே அரசுக்கு வேண்டிய கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது.

அவரிடம் படித்த முதல் அணியில் இருவரைச் சொன்னால் போதும். தட்சுனோ கிங்கோ பிறகு ஜப்பான் வங்கியையும் டோக்கியோ ரயில் நிலையத்தையும் கட்டினார். கத்தாயாமா தோகுமா அகசாகா அரண்மனையைக் கட்டினார். இன்றும் ஜப்பானில் நவீனக் கட்டடக்கலையின் தந்தை என்றால் காண்டர் பெயரைத்தான் சொல்வார்கள். ஓவியம் அவருடைய தொழில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஆரம்பக் கட்டடங்களில் ஒன்று உவேனோ பூங்காவில் எழுந்த அருங்காட்சியகம். செங்கல் சுவர், வளைவுகள், இரண்டு பக்கமும் குவிந்த சிறு மண்டபங்கள். இந்திய, இஸ்லாமியச் சாயல்களைக் கலந்து ஆங்கிலேயர் இங்கே கட்டிய இந்தோ சாரசெனிக் பாணியின் ஒன்றுவிட்ட தம்பி என்று அதைச் சொல்லலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை ராபர்ட் சிஷம் என்ற கட்டடக் கலைஞர் கட்டி முடித்தது 1879-ல். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஏறக்குறைய அதே யோசனை டோக்கியோவிலும் செங்கலாகிக்கொண்டிருந்தது. கிழக்கு நாட்டுக்குக் கிழக்குச் சாயல்தான் பொருந்தும், அந்தச் சாயல் எந்தக் கிழக்கிலிருந்து வந்தால் என்ன என்ற கணக்கு. காண்டருக்கு ஆசிரியரும் உறவினருமான ரோஜர் ஸ்மித் இந்தியாவுக்கான கட்டடக்கலை பற்றிப் பேசியவர். லண்டனில் படித்த பையன் ஜப்பானுக்கு எதைக் கொண்டுவந்தான் என்று பார்த்தால், இந்தியாவுக்கென்று தைத்த சட்டையைக் கொண்டுவந்திருக்கிறான். ஜப்பானியர்களுக்கு அது புரியவில்லை. அவர்கள் கேட்டது அசல் ஐரோப்பியப் பாணி.

இந்த இடத்தில்தான் காண்டருக்குள் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். தூரத்திலிருந்து 'கிழக்கு' என்று ஒன்றாகக் குவித்துப் பார்த்ததை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு மரபில் கற்றுக்கொள்ள அவர் முடிவு செய்தது அந்தக் கட்டடம் எழுந்த அதே ஆண்டு, 1881.

நூறு யென் காகம்

1881-ல் உவேனோவில் இரண்டாவது தேசியத் தொழில் கண்காட்சி நடந்தது. காண்டரின் புதுக் கட்டடம் அருங்காட்சியகமாகத் திறக்குமுன் இந்தக் கண்காட்சிக்குத்தான் அரங்காகப் பயன்பட்டது. கியோசாய் அங்கே வைத்த படங்களில் ஒன்று: பட்டுப்போன கிளை, அதில் ஒற்றைக் காகம். மசி மட்டும். மற்றதெல்லாம் வெற்றிடம்.

அதற்கு அவர் போட்ட விலை 100 யென். அந்தக் காலத்தில் அது ஆளை மிரட்டுகிற தொகை. ஒரு காகத்துக்கா என்று ஊர் சிரித்தது. இது காகத்தின் விலை இல்லை, இத்தனை வருடம் கையைப் பழக்கியதன் விலை என்கிற பொருளில் கியோசாய் பதில் சொன்னதாகக் கதை. சிரித்து முடிப்பதற்குள் நிஹோன்பாஷியில் எய்தாரோ என்ற மிட்டாய்க் கடையின் உரிமையாளர் 100 யென்னை எடுத்து வைத்துவிட்டார். நடுவர்கள் அந்த ஆண்டு ஓவியத்துக்கு முதல் பரிசு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்ததில் உயர்ந்தது இரண்டாம் பரிசு; அது காகத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் காகம் வேண்டும். கியோசாய் வாழ்நாள் முழுக்கக் காகம் வரைந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். உலக நாடெல்லாம் பறக்கிற காகம் என்ற கருத்தில் ஒரு முத்திரையும் செய்து வைத்துக்கொண்டார். ஆளுக்கு விளம்பரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

காண்டர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தது அந்த வருடம்தான்.

எப்படிப்பட்ட வாத்தியார்

கியோசாய் 1831-ல் கோகா என்ற ஊரில், சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயது வாக்கில் குனியோஷியிடம் சேர்ந்தார். குனியோஷி மர அச்சுப் படங்களில் புலி. வீரர்கள், பேய்கள், பூனைகள். இரண்டு வருடம் கழித்துப் பையனை அங்கிருந்து எடுத்து கானோ மரபில் போட்டார்கள். கானோ என்பது ஷோகன்களின், அதாவது ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களின், அரண்மனைக்கு நானூறு வருடமாக வரைந்து வந்த வம்ச மரபு. சாலையோரப் பாட்டும் கச்சேரிப் பாட்டும் ஒரே தொண்டையில் இருந்தால் எப்படியோ அப்படி ஒரு கலவை அவர் கையில் சேர்ந்தது.

சிறுவயதுக் கதை ஒன்று உண்டு. ஒன்பது வயதில், வெள்ளம் வந்த ஆற்றில் வெட்டுண்ட மனிதத் தலை ஒன்று ஒதுங்கியதைப் பார்த்து, வீட்டுக்கு எடுத்து வந்து ஒளித்து வைத்து வரைந்தாராம். பெரியவர்கள் கண்டுபிடித்து, திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னபோது ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து மிச்சத்தை வரைந்து முடித்துவிட்டுத்தான் விட்டாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சரக்கு என்பதை உங்களிடமே விடுகிறேன். தன்னைப் பற்றி அவர் சொல்ல விரும்பிய கதை இதுதான் என்பது மட்டும் நிச்சயம்.

1870-ல் உவேனோ பக்கத்தில் ஒரு குடி விருந்தில், எல்லோர் முன்னிலையிலும் வரைந்த கேலிப் படத்துக்காகக் கைதானார். சிறை. ஐம்பது அடி. 1871 தொடக்கத்தில் வெளியே வந்ததும் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினார். முன்பு 'கியோ' என்பது பைத்தியம் என்ற எழுத்து. மாற்றியது விடியல் என்ற எழுத்து. உச்சரிப்பு அதேதான்! கூப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது; எழுதிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

குடி நிற்கவில்லை. 1880-ல் ஷின்தோமி நாடக அரங்குக்கு ஒரு திரை வரைந்தார். 17 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். பிரபல நடிகர்கள் எல்லாம் பேய்களாகப் பாய்ந்து வருகிற காட்சி. அதை அவர் முடித்தது நாலு மணி நேரத்தில், மதுவோடு. இன்றும் வசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகத்தில் அந்தத் திரை இருக்கிறது.

இந்தத் திரையை மட்டும் வைத்து கியோசாயைக் கட்டுக்கடங்காத மேதை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. காண்டர் பார்த்த கியோசாய் வேறு. காண்டர் பார்த்தவர், ஒரு பட்டுத் துணியைச் சட்டத்தில் ஒட்டி, பசை காயும்வரை பேசாமல் காத்திருக்கிற ஆள்.

சனிக்கிழமை என்ன நடந்தது

பாடம் பெரும்பாலும் காண்டர் வீட்டில். ஆசிரியர்தான் மாணவர் வீட்டுக்கு வருவார். வந்து உட்கார்ந்து, மாணவர் கண்முன்னே ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து வரைவார். மாணவர் பார்ப்பார். பிறகு அதையே தானும் வரைவார். சொந்தக் கற்பனைக்கு அங்கே அவசரம் இல்லை. கானோ மரபில் பயிற்சி என்றாலே நகல்தான். மூத்தவர்களின் மாதிரிப் படங்களை ஒற்றியெடுத்து, பார்த்து வரைந்து, பாராமல் வரைந்து, அப்புறம்தான் மற்றது. ஐரோப்பியக் கலைப்பள்ளியில் படித்த ஒருவருக்கு இது ஒரு அடி கீழே இறங்குவது மாதிரி. காண்டர் இறங்கினார்.

முதலில் மசி. புகைக்கரியையும் விலங்குத் தோலிலிருந்து எடுக்கிற வச்சிரப் பசையையும் பிசைந்து, அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் உலர்த்திய கட்டி. பைன் மரத்தை எரித்து எடுத்த கரி ஒரு ரகம், எண்ணெய் விளக்கில் பிடித்த கரி இன்னொரு ரகம். விளக்குச் சுடரில் கரி பிடித்து ஆமணக்கெண்ணெயில் குழைத்துக் கண்மை செய்த பாட்டி யாருக்காவது இருந்தால் இரண்டாவது ரகம் உடனே விளங்கும். கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைக்க வேண்டும். கல்லில் மேடான பாகத்துக்குக் கரை என்றும் பள்ளத்துக்குக் கடல் என்றும் பெயர். கரையில் உரைத்தது கடலில் சேரும்.

ஒரு தடவை நானும் ஆசைப்பட்டு ஒரு மைக்கட்டி வாங்கி உரைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கடுத்தது. சாம்பல் நிறத் தண்ணீர்தான் மிச்சம். அரை மணி நேரம் கழித்து ஒரு மாதிரி கறுப்பு வந்தது. கியோசாயின் காகத்தைப் பார்த்துத் தொட்டு வைத்தேன், கோழி வந்தது. தாள் மையை உறிஞ்சி நாலு பக்கமும் பரவி, அந்தக் கோழிக்கும் அம்மை போட்டது போல் ஆகிவிட்டது.

அந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்தத்தான் அடுத்த வேலை. பட்டுத் துணியை மரச்சட்டத்தில் நாலு ஓரமும் ஒட்டி இழுத்துக் கட்டுவார்கள். வச்சிரத்தைக் கரைத்து அதில் படிகாரம் போட்ட தண்ணீரை அதன் மேல் அகலத் தூரிகையால் பூசுவார்கள். காய்ந்தபின் மை பரவாது, ஊறி ஓடாது. படிகாரம் கூடினால் துணி முறுகும். குறைந்தால் கோடு கசியும். தஞ்சாவூர் ஓவியக்காரர்கள், தச்சர்கள், நாவிதர்கள் என்று நம் ஊரில் மூன்று பேர் கடையில் இருக்கிற சாமான்தான் இது. சேர்மானம்தான் வேறு.

சட்டத்தில் கட்டிய பட்டு ஊடுருவிப் பார்க்கத் தெளிவாக இருக்கும். தாளில் போட்ட மாதிரிக் கோட்டை அடியில் வைத்தால் மேலே தெரியும். அதன் மேல் மசிக்கோடு. ஒருமுறை விழுந்த கோடு விழுந்ததுதான். அழிப்பது என்ற பேச்சே இல்லை. வாசலில் இழைக்கோலம் போடுகிறவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது: கை நின்றால் கோட்டில் ஒரு முடிச்சு விழும். ஆனால் கட்டடக்காரருக்கு இது கஷ்டம். அளவுகோலும் பென்சிலும் ரப்பருமாகப் பழகிய கை அது. தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, முழங்கையை எதிலும் ஊன்றாமல், தோளிலிருந்து கோடு இழுக்க வேண்டும்.

வண்ணப் படமானால் வேலை இன்னும் நீளும். வெள்ளைக்குக் கிளிஞ்சல் பொடி, பச்சைக்கும் நீலத்துக்கும் அரைத்த தாமிரக் கனிமங்கள். சில இடங்களில் வண்ணத்தைப் பட்டின் பின்பக்கத்திலிருந்து பூசுவார்கள். முகத்தின் வெள்ளை முன்னாலிருந்து பூசினால் முகமூடி போல் நிற்கும். பின்னாலிருந்து பூசினால் பட்டின் இழை வழியே தோல் போல் கசிந்து தெரியும்.

விரைந்து வரையும் மசிப்படத்தில் இத்தனை அடுக்கு இல்லை. ஆனால் ஒரு தந்திரம் உண்டு. தூரிகையை முதலில் தண்ணீரில் நனைத்து, பிறகு நடுத்தர மையில் தோய்த்து, நுனியை மட்டும் கெட்டி மையில் தொட்டு, சாய்த்து ஒரே இழுப்பு. ஒரு கோட்டின் ஒரு ஓரம் கறுப்பு, மறு ஓரம் பனி. ஒரு இறகு முடிந்தது. பார்க்கச் சுலபம். தூரிகையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கைக்கு எடையாகத் தெரிய வேண்டும். அதற்கு எத்தனை சனிக்கிழமை ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, இயற்கையைப் பார்ப்பது. கியோசாய் பறவையை வரைகிற முறையை 1887-ல் அவரைச் சந்தித்த மார்ட்டிமர் மென்பெஸ் எழுதி வைத்திருக்கிறார். மென்பெஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஓவியர், லண்டனில் ஓவியர் விஸ்லரின் சீடர். கியோசாய் ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நிலை மனதில் பதிந்ததும் திரும்பி, நினைவிலிருந்து வரைவார். பாதியில் நினைவு தீர்ந்துவிட்டால் நிறுத்திவிடுவார். பறவை மறுபடி அதே மாதிரித் திரும்பி உட்காரும்வரை காத்திருப்பார். வந்ததும் மிச்சம். இப்படிச் சேர்ந்து சேர்ந்து அந்தப் பறவை அவருக்குள் குடியேறிவிடும். பிறகு விருந்தில் நாலு பேர் சுற்றி நின்று கத்தும்போதும் கையிலிருந்து பறந்து வரும். நாலு மணி நேரத் திரைக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

மென்பெஸ் லண்டனுக்குப் போய் 1888-ல் ஜப்பான் படங்களாகக் கண்காட்சி வைத்தார். நன்றாகப் போனது. தன்னைக் கேட்காமல் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்தார் என்று விஸ்லருக்குக் கோபம், உறவே முறிந்தது. எனக்கு மென்பெஸ் மேல் குறை ஒன்றும் இல்லை. ஒரு மதியப் பேச்சிலிருந்து இவ்வளவு கறந்தவர் சாமர்த்தியசாலிதான். ஆனால் காண்டர் அப்போது ஆறு வருடமாகப் பாடத்தில் இருந்தார். ஒரு வரி வெளியிடவில்லை.

கியோஎய்

பாடம் நடந்துகொண்டிருக்கையில் கியோசாய் தன் மாணவருக்கு ஓவியப் பெயர் வைத்தார்: கியோஎய். முதல் எழுத்து ஆசிரியருடையது, அந்த விடியல் எழுத்து. இரண்டாவது எழுத்துக்குச் சிறப்பு என்று பொருள். இங்கிலாந்தைக் குறிக்கவும் ஜப்பானியர் அதே எழுத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆசிரியரின் பெயரிலிருந்து ஓர் எழுத்து கிடைப்பது அங்கே பட்டம் வாங்குவதற்குச் சமம். வெள்ளைக்காரர் என்பதற்காகச் சும்மா தூக்கிக் கொடுத்த மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. கியோசாயின் மகள் கியோசுய் பெயரிலும் அதே முதல் எழுத்துதான்.

1885 கோடையில் இருவரும் நிக்கோவுக்குப் போனார்கள். மலையும் அருவியும் தோகுகவா ஷோகன்களின் சமாதிக் கோயில்களும் உள்ள ஊர். அங்கே ஆசிரியர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பதை மாணவர் வரைந்தார். ஆசிரியர் நாட்குறிப்பில் மாணவர், மாணவர் படத்தில் ஆசிரியர்.

சரி, காண்டர் நல்ல ஓவியரா? பார்த்த அளவில் என் கருத்து: கை சுத்தம், கோட்டில் தடுமாற்றம் இல்லை, அமைப்பில் பிசகு இல்லை. கெண்டை மீனின் செதிலைச் சரியாக எண்ணிப் போடுகிற ஆள். ஆனால் மீன் நீந்துகிறதா என்றால், கியோசாயின் மீனுக்குப் பக்கத்தில் வைக்காதவரை நீந்துகிறது. கியோசாயின் காகம் அடுத்த நொடி பறந்துவிடும் என்று பயமாக இருக்கும். காண்டரின் பறவை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏழு வயதில் தொடங்கிய கைக்கும் 28 வயதில், அதுவும் வாரம் ஒரு நாள் தொடங்கிய கைக்கும் உள்ள தூரம் அது.

காண்டருக்கும் இந்தத் தூரம் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். தன் படங்களை வைத்துப் பெயர் வாங்க அவர் முயலவில்லை. அவர் செய்தது வேறு. ஆசிரியர் தன் முன்னால் வரைந்த படங்களை வாங்கி வைத்தார். எந்தப் படத்தில் எது முதலில் வந்தது, எந்தத் தூரிகை, எந்தக் கலவை, எத்தனை பூச்சு என்று குறித்தார். கட்டடக்காரர்கள் ஒரு சுவர் எப்படி எழுகிறது என்று வரிசை வரிசையாக எழுதுவார்கள் அல்லவா, அதே கண். ஓவியராக அவரைக் கொஞ்சம் கட்டிப்போட்ட அந்தக் கண்தான் சாட்சியாக அவரை ஒப்பற்றவர் ஆக்கியது.

கோட்டும் கிமோனோவும்

இதே வருடங்களில் அவர் அலுவல் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1883-ல் ரோக்குமெய்கான் திறந்தது. வெளிநாட்டுத் தூதர்களுக்கு விருந்தும் நடனமும் வைக்க அரசு கட்டிய மாளிகை, வரைபடம் காண்டருடையது. நாங்களும் உங்களைப் போல்தான் என்று காட்டினால் சமமற்ற ஒப்பந்தங்களை மேற்கு நாடுகள் திருத்தும் என்று வெளியுறவு அமைச்சர் இனோவுயே கவோருவுக்கு நம்பிக்கை. ஜப்பானிய உயர்குடிப் பெண்கள் பாரிஸ் கவுன் போட்டு வால்ட்ஸ் ஆடினார்கள். ஒப்பந்தம் அதனால் ஒன்றும் மாறவில்லை. ஜப்பானியரை ஐரோப்பியராக்கும் மேடையை ஒருவர் வார நாட்களில் கட்டுகிறார். வாரக்கடைசியில் தரையில் உட்கார்ந்து மசி உரைக்கிறார். இதில் அவருக்கே சிரிப்பு வந்திருக்காதா?

1884-ல் அவருடைய பேராசிரியர் இடத்துக்கு அவருடைய மாணவர் தட்சுனோ வந்தார். வெளிநாட்டு நிபுணர்களைக் கூப்பிட்டதே அவர்களைத் தேவையில்லாமல் ஆக்கிக்கொள்ளத்தான். பலர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். காண்டர் ஏறவில்லை. 1888-ல் சொந்த அலுவலகம் திறந்தார். மிட்சுபிஷியின் இவாசாகி குடும்பம் பெரிய வாடிக்கையாளர் ஆயிற்று. ஜப்பானிய நடனம் கற்றுத்தரும் மாயெநாமி குமே என்பவரை மணந்தார். 1891-ல் மலர் அலங்காரக் கலை பற்றி ஒரு புத்தகம், 1893-ல் தோட்டக்கலை பற்றி ஒன்று. இரண்டிலும் அதே பழக்கம்: வகை பிரித்து, படம் போட்டு, ஜப்பானியப் பெயர் சொல்லி, எப்படிச் செய்வது என்று எழுதுவது.

தூரிகை அவருடைய கட்டடங்களுக்குள் போனதா என்று தேடிப் பார்த்தேன். நேரடியாக இல்லை. இரண்டையும் கலக்க அவர் விரும்பவில்லை போலிருக்கிறது. அந்த உவேனோ பாடம் ஒருமுறை போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் 1917-ல் முடிந்த ஃபுருகவா மாளிகையைப் பாருங்கள். வெளியே கறுத்த கல் சுவர், ஸ்காட்லாந்து கிராமத்துப் பிரபு வீடு மாதிரி. மாடிக்குப் போய் ஒரு மேற்கத்தியக் கதவைத் திறந்தால் உள்ளே தாத்தாமி பாய் விரித்த ஜப்பானிய அறை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சன்னல்கூட அதைக் காட்டிக்கொடுக்காது. ஒன்றின் மேல் ஒன்றைப் பூசாமல், ஒன்றுக்குள் ஒன்றை முழுசாக வைத்திருக்கிறார்.

1889 ஏப்ரல்

கியோசாய்க்கு வயிற்றில் புற்றுநோய். டோக்கியோவில் இருந்த ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ஸ் வந்து பார்த்தார். இன்றைய ஜப்பானின் மிகப்பெரிய ஓவியர் சாகக் கிடக்கிறார் என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் எழுதினார். நோயாளி அந்த நிலையிலும் வரைந்தார். எலும்பும் தோலுமான தன் உடம்பையே வரைந்து வைத்தார். ஏப்ரல் 26 அன்று உயிர் பிரிந்தபோது அவர் கை காண்டரின் கையில் இருந்தது. வயது 57.

யானகாவில் ஸுய்ரின்ஜி கோயில் வளாகத்தில் அடக்கம். கல்லறைக் கல் தவளை வடிவத்தில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் தவளைகளைச் சண்டை போட விட்டும் சர்க்கஸ் ஆட விட்டும் வரைந்தவருக்கு வேறென்ன வைப்பது?

காண்டரின் புத்தகம் வர இருபத்திரண்டு வருடம் ஆனது. 1911-ல் டோக்கியோவில் மாருசென் வெளியீடாக, கியோசாயின் ஓவியங்களும் பயிற்சிப் படங்களும் என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. வாழ்க்கை வரலாறு, தூரிகை வகைகள், பட்டுக்குப் பூச்சு போடும் முறை, வண்ணங்களின் பட்டியல், படங்கள் ஒவ்வொன்றும் உருவான வரிசை. பட்டறைக்குள் வாயால் சொல்லி, கையால் காட்டி வந்த கானோ முறையை, உள்ளே பாடம் கேட்ட ஒருவர் இவ்வளவு விவரமாக வெளியே எழுதி வைத்தது அபூர்வம். அது வந்த காலத்தையும் பாருங்கள். ஜப்பானில் கியோசாய் பெயர் மங்கத் தொடங்கியிருந்தது. குடிகாரர், பேய்ப் படக்காரர், கேலிச் சித்திரக்காரர் என்று ஒதுக்கி வைத்த காலம். புது அரசுக் கலைப்பள்ளிக்காரர்களுக்கு அவர் கனவான் இல்லை. வெளிநாட்டில்தான் மவுசு குறையாமல் இருந்தது; அதற்குக் காண்டரின் பக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காண்டர் ஜப்பானிலேயே 43 வருடம் இருந்தார். 1920 ஜூனில் குமே இறந்தார். பதினோரு நாள் கழித்து, ஜூன் 21 அன்று காண்டரும் போய்விட்டார். இருவரும் கொகோகுஜி கோயிலில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த கியோசாய் படங்கள் மகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பிறகு ஏலத்தில் பல கைகளுக்குச் சிதறின.

கட்டடங்களுக்கும் நல்ல காலம் இல்லை. உவேனோ அருங்காட்சியகம் 1923 நிலநடுக்கத்தில் சேதமாகி இடிக்கப்பட்டது. ரோக்குமெய்கானை 1940-ல் இடித்தார்கள். மிட்சுபிஷிக்காக அவர் 1894-ல் மருநோவுச்சியில் கட்டிய முதல் அலுவலகக் கட்டடத்தை 1968-ல் இடித்துவிட்டு, மனசு கேட்காமல் அதே வரைபடத்தை வைத்து 2009-ல் மறுபடி செங்கல் செங்கலாகக் கட்டி ஓவிய அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கியோசாயின் கொள்ளுப்பேத்தி சைதாமா மாநிலத்து வாராபியில் 1977-ல் கியோசாய்க்கென்று தனி அருங்காட்சியகம் திறந்தார்.

மருநோவுச்சிக் கட்டடத்தில் 2015-ல் ஒரு கண்காட்சி நடந்தது. பொருள், கியோசாயும் அவருடைய மாணவர் காண்டரும். 1881-க்குப் பிறகு மறுபடி, காண்டர் வரைந்த சுவர்களுக்குள் கியோசாயின் மசி. அன்று ஊர் சிரிக்கச் சிரிக்க 100 யென்னுக்குப் போன காகம் மட்டும் கை மாறவே இல்லை. எய்தாரோ கடை நிஹோன்பாஷியில் இன்னும் மிட்டாய் விற்கிறது; காகமும் அவர்களிடமே இருக்கிறது.